மளிகைக்கடை ஸ்பானிஷ்

உங்களுக்கு,

"உனக்கெல்லாம் ஸ்பானிஷ் எதுக்குடி? ஊமை மாதிரி கையக் காட்டி வாங்கிட்டு வா" என்று, கல்யாணமாகி ஸ்பானிஷ் பேசும் இந்த ஊருக்கு வந்த வாரமே காய்கறிக் கூடையை என் முகத்தில் விட்டெறிந்தீர்கள். ஆனாலும் படித்தேன். வெங்காயம் செபோயா, உப்பு சால் என்று அடுப்படியில் முணுமுணுத்தேன். அதற்கும் அடித்தீர்கள்.

நீங்கள் என் பல்லை உடைத்த மறுநாள், மளிகைக்கடையில் போய் நின்று, "கூச்சியோ, கிராந்தே" என்றேன். பெரிய கத்தி. எதற்கு என்று கடைக்காரி கேட்டாள். "கார்னே" என்றேன். இறைச்சிக்கு. அந்தப் பதிலையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். சொல்லும்போது உங்கள் கழுத்தை நினைத்துக்கொண்டேன்.

அவள் என் வீங்கிய வாயையே பார்த்தாள். கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கடைக்கதவைத் தாழிட்டாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி என் கன்னத்தில் வைத்தபடியே யாரையோ திட்டித் தீர்த்தாள். அதில் ஒரு சொல்கூட நான் படித்ததில்லை. உங்களைத்தான் என்று மட்டும் புரிந்தது.

இப்போது அந்தக் கடையில்தான் வேலை செய்கிறேன், மாடியில் தங்கியிருக்கிறேன்.

வீட்டில் உப்பு தீர்ந்திருக்கும். வேறு கடைக்குப் போங்கள். அந்தக் கத்தியை அவள் எனக்கு விற்கவில்லை. சாணை பிடித்து, கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் ஊமை