தாமதமாக மூடும் கதவு

மார்ச் 4, இரவு

அன்புள்ள உங்களுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். வாண்டு இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்; அதனால்தான் கடிதம்.

ஒன்பது நாளாக நம் குழந்தைக்குப் பால் இல்லை. நான் வேலைக்குக் கிளம்பியதும் அத்தை தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார். கேட்டால், "டாக்டரே கால்சியத்துலதான் கோளாறுன்னாருல்ல? பாலு பூரா கால்சியம். படிச்சவளுக்கு இதுகூடவா தெரியாது?" என்கிறார். சிரிப்பதா, அழுவதா?

உங்களுக்காவது புரியட்டும். செல்லின் சுவரில் கால்சியம் நுழைய ஒரு சின்னக் கதவு உண்டு. கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடிவிடும். உள்ளே வந்த கால்சியம் கிளப்பும் சேதி உட்கருவரை போய், எந்த மரபணு விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று சொல்கிறது. வாண்டுவுக்கு அந்தக் கதவு மூடத் தாமதமாகிறது. சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. வளரும் மூளையில் தூங்க வேண்டிய மரபணுக்களும் எழுந்துவிடுகின்றன. மூன்று வயதாகியும் பேச்சு வராதது அதனால்தான். இதயத்திலும் அதே கதவு; அங்கே மூடத் தாமதித்தால் துடிப்பு தடுமாறும், அதற்குத்தான் மாத்திரை. குடிக்கிற பாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்று அத்தை கண்ணெதிரிலேயே முழுத் தம்ளர் கொடுத்தேன். பால் மீசையோடு சிரித்தாள்.

இந்தக் கோளாறு நம்மில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டர் நம் இருவர் ரத்தத்தையும் கேட்கிறார். நான் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள், ஈசிஜியும் எடுங்கள்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா

மார்ச் 15

அன்புள்ள வாண்டு அம்மாவுக்கு,

நலம். அம்மா பயத்தில் செய்கிறார், வம்புக்குப் போகாதே. ரத்தமெல்லாம் வேண்டாம். எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லை. உன் பக்கம் பார்த்தால் போதாதா? ஈசிஜியில் ஒரு கோடு நெளிந்தாலும் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். பதினோரு வருஷம் மேலே உட்கார்ந்தவன், இனிக் கீழே நின்று கொக்கி மாட்டவா? இந்தப் பேச்சை விட்டுவிடு. வாண்டுவுக்கு முத்தம்.

உன் கிரேன்காரன்

மார்ச் 23

அன்புள்ள கிரேன்காரருக்கு,

விடமாட்டேன்.

என் ரிப்போர்ட் வந்துவிட்டது. என்னிடம் அந்தக் கோளாறு இல்லை. "உன் பக்கத்து ரத்தம்" என்று இந்த வீட்டில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! திருப்பிச் சொல்ல ஆசை இல்லாமலா? காகிதத்தை அத்தையிடம் நீட்டினேன். "அப்ப எம் புள்ளயா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. "யார்கிட்டயும் இல்லாம குழந்தைக்குப் புதுசாவும் வரலாம் அத்தை. பாத்தாத்தானே தெரியும்" என்றேன். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அவன மொதல்ல கீழ எறங்கச் சொல்லு" என்றார்.

நானும் அதையே சொல்கிறேன். அறுபது மீட்டர் உயரத்தில், சுமை தொங்கும்போது உங்கள் இதயம் ஒரு நொடி தடுமாறினால்? கீழே நிற்கிறவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை போனால் போகட்டும், என் சம்பளத்தில் கஞ்சியோ கூழோ குடிப்போம். இந்த மாதத்துக்குள் நீங்கள் ஈசிஜி எடுக்காவிட்டால், உங்கள் கட்டட சைட் டாக்டருக்கு நானே எழுதிவிடுவேன். கோபித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள் போகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
வாண்டுவின் அம்மா