பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

5 மே 2023, வெள்ளி. சித்ரா பௌர்ணமி.

ராத்திரி ஒன்பது மணிக்கு அடுக்களையில் சக்கைப்பழம் அரிந்துகொண்டிருந்தேன். மாமியார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏட்டி, கத்தியக் கீழ வையி! கிரகணம் பிடிச்சிருக்கு!"

எனக்கு ஐந்தாம் மாதம். போன தடவை கலைந்ததும் ஐந்தில்தான். அதை இருவருமே பேசுவதில்லை.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். பூமியின் கருநிழல் இன்று நிலாவைத் தொடாது, அதைச் சுற்றியிருக்கும் மங்கலான புறநிழலுக்குள் மட்டும் நிலா போய் வரும், அங்கே சூரிய வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும் என்று விளக்கினேன்.

"அப்போ கொஞ்சம் கேடு உண்டுல்லா?" என்றார்.

கோயிலில் பூசை செய்யும் போற்றிக்குப் போன் போட்டார். போற்றி சிரித்தார். "பஞ்சாங்கத்துலயே இல்லாத கிரகணம்மா. தீட்டு கெடையாது. நடையை வழக்கம்போலத்தான் அடைச்சோம். பேசாம உறங்குங்க."

அத்தையின் முகம் தெளிந்தது. மீதிப் பழத்தைத் தானே அரிந்து, முதல் பலாச்சுளையை என் வாயில் வைத்தார்.

ஜன்னலில் பார்த்தேன். நிலா மங்கியதாகவே தெரியவில்லை.

அத்தனை விளக்கம் சொன்னவள் நான். போற்றி பேசி முடித்த பிறகுதான் வயிற்றிலிருந்து கையை எடுத்தேன். இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.