என்னோடு நின்றுவிட்ட வார்த்தை

என் பவுனக்காவுக்கு,

நடுச்சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து செல்வி எழுதுகிறேன். உங்கள் வருஷத் திதி போன மாதம் முடிந்தது. ஆற்றில் விட்ட தண்ணீர் நேற்றுதான் நம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. முதல் தண்ணீரில் வழக்கம்போல நுரையும் குப்பையும், கூடவே ஒற்றைச் செருப்பு ஒன்றும் மிதந்து வந்தது. "இன்னொண்ணு நாளைக்கு வரும், எடுத்து வை" என்று நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

ஊரில் உங்களை "வாய் செத்தவ" என்பார்கள். உங்களுக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வீர்கள். கொல்லையில் ஆடு புகுந்தால் அதன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் இழுத்து நீங்கள் திட்டுவதை அவர்கள் கேட்டதில்லை. உங்களுக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர், என் மாமா, உங்களை ஏதாவது சொல்லிவிட்ட நாட்களில் உங்கள் பித்தளைக் குடம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணைப் பறிக்கும். குடம் மின்னினால் அன்றைக்கு வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன்.

அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டோம். "ஓர்ப்படிகிட்ட வாயைக் குடுக்காத" என்று சொல்லித்தான் என் அம்மா என்னை அனுப்பிவைத்தாள். மாமனார் இறந்ததும் வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. நிலத்தையும் பிரித்துக்கொண்டார்கள். வயலில் இருந்த போர்செட் மட்டும் பொது என்று வைத்தார்கள். அந்தப் பொதுதான் வினையாகிவிட்டது.

அந்தக் கோடையில் மோட்டார் கருகியது உங்களுக்கு மறந்திருக்காது. தம்பி விடாமல் ஓட்டினதால்தான் கருகியது என்றார் மாமா. அண்ணன் பழுது பார்க்காமல் போட்டுவைத்ததால்தான் என்றார் எங்க வீட்டுக்காரர். வரப்பில் நின்று பேசிய பேச்சு கடைசியில் மண்வெட்டியில் போய் நின்றது. இவர் ஓங்கிவிட்டார். "வெட்டுடா, வெட்டு" என்று மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பக்கத்து வயல்காரர்கள் ஓடிவந்து விலக்கினார்கள். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, ஏச்சு நிற்கவில்லை. இவர் என்னை அனுப்புவார்.

"போய் உங்கக்காகிட்ட சொல்லு. அவங்க வீட்டுக்காரர் இனிமே எம் பக்கத்து வரப்புல கால் வெச்சா நடக்கறது வேறன்னு சொல்லு."

நான் கொல்லைப்பக்கமாக உங்களிடம் வருவேன். என் முகத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை."

"பறிச்சுக்க."

திரும்பிப் போனதும் இவர் கேட்பார். "சொன்னியா?"

"ம்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

அதில் பாதியாவது உண்மைதானே அக்கா? மாமா உங்களிடம் என்னென்ன சொல்லி அனுப்பினாரோ, நீங்களும் என்னிடம் வந்து உப்பு இருக்கிறதா என்றுதான் கேட்டீர்கள். என்ன சொல்லி அனுப்பினார் என்று நானும் கேட்கவில்லை. அந்த வருஷம் உங்கள் கறிவேப்பிலை மரம் மொட்டையாகிவிட்டது. பூச்சிதான் தின்கிறது என்று மாமா அதற்கு மருந்து அடித்தாரே! நாம் இரண்டு பேரும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் வயிற்றில் இருக்கிறது.

மாமாவின் குரல் உயர்ந்தால் உங்கள் வீட்டுக் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். இந்த அக்கா தினமும் எத்தனை இட்லிதான் சுடுவார்கள் என்று நான் அதிசயப்பட்டிருக்கிறேன். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. கொஞ்சம் தண்ணீரில் வெறும் கல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் உதட்டில் விரலை வைத்தீர்கள். அதற்குப் பிறகு இவர் கத்தும்போதெல்லாம் இந்தப் பக்கத்தில் என் மிக்சியும் ஓடியது.

ஆனால் ஒரு நாள் கரண்ட் இல்லை.

மத்தியான வேளை. உரம் வாங்க இவர் பூதலூர் போயிருந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா இரைகிற சத்தம் கேட்டது. அதில் ஒரு வார்த்தை முழுசாகச் சுவரைத் தாண்டி என் காதில் விழுந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றியது. அவ்வளவுதான் சொல்வேன். அந்த வார்த்தையை இந்தக் கடிதத்திலும் நான் எழுதப் போவதில்லை.

வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். என்னிடமும் வார்த்தைகள் இருந்தன அக்கா. மாமாவை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைக்கிற வார்த்தைகளே இருந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் கொல்லைக் கதவைத் திறந்தேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு சோற்றுப்பானையைப் பிடித்தபடி நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கேட்டுச்சா செல்வி?"

இதோ வந்துவிட்டது, சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"எது அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் நம்பவில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு, துவைகல்லில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். "என்னக்கா, உடம்புக்கு முடியலியா?" என்று கேட்டபடி உங்கள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அழ வேண்டியவள் நான். என் பங்கையும் சேர்த்து நீங்களே அழுதீர்கள். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

இவர் சாயங்காலம் வந்தார். சோறு போட்டேன். "ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்றார். "கரண்ட் இல்லாம ஒரே புழுக்கங்க" என்றேன். நான் சொல்லியிருந்தால் இவர் மறுபடியும் மண்வெட்டியை எடுத்திருப்பார். விலக்கிவிட அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

வாயை அடக்கினால் மனசு நிம்மதியாகிவிடும் என்று சொல்கிறார்களே, அது யாருக்கு நடந்ததோ எனக்குத் தெரியாது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதும், வளைகாப்பு வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வார்த்தை வந்து குத்தும். நடவுக்குப் போன இடத்தில் சேற்றில் நின்றுகொண்டே அழுதிருக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா அக்கா? உள்ளே எத்தனை வைத்திருந்தீர்கள்?

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டுப்போனது. தஞ்சாவூருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், வாரம் தவறக் கூடாது என்றார்கள். நீங்கள் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனதை இவர் வாசலில் நின்று பார்த்தார். அடுத்த தடவை நீங்கள் கிளம்பும்போது எங்கள் பழைய காரை உங்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அண்ணனைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணியை நான் கூட்டிக்கிட்டுப் போறேன். ஏறச் சொல்லு செல்வி."

முன்னால் அண்ணனும் தம்பியும், பின்னால் நாம் இரண்டு பேரும். பூதலூர் வரைக்கும் வண்டியில் ஒரு சத்தம் இல்லை. அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது.

"கேட்டப் போட்டுட்டான்" என்றார் மாமா, கண்ணாடியைப் பார்த்து.

"ஆமா" என்றார் இவர்.

நீங்கள் என் தொடையில் கிள்ளிய கிள்ளில் நான் கத்தாமல் இருந்ததே பெரிய விஷயம். ரயில் போனது. "கூட்ஸு" என்றார் மாமா. "நீளமான வண்டி" என்றார் இவர். உங்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒன்று தோன்றியது அக்கா. அந்த வார்த்தை இவர் காதுக்குப் போயிருந்தால், அந்தக் கார் உங்கள் வாசலுக்கு வந்திருக்குமா?

கடைசியில் உங்களைத் தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தவர் இவர்தான். அதை நீங்கள் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது மாமா சாப்பிடுவது நம் வீட்டில்தான். உங்கள் மகள் சென்னைக்கு வரச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். "நாத்து விடுற நேரத்துல எங்க வர்றது" என்று சொல்லிவிட்டார். நான் எது செய்தாலும் ஒரு குறை. "பவுனு இப்படி வைக்க மாட்டா" என்பார். எரிச்சலாகத்தான் வருகிறது. உங்கள் குடத்தை இப்போது நான் தேய்க்கிறேன்.

போன வாரம் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். மாமா பிசைந்த கையை நிறுத்தினார்.

"தம்பி, ரொம்ப நாளா ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். ஒரு தடவ நீ இல்லாதப்ப, கோவத்துல உன்னப் பத்தியும் இந்தப் புள்ள செல்வியப் பத்தியும்..."

கரண்டியோடு குறுக்கே போய் நின்றேன்.

"மாமா, ரசம் ஊத்தவா?"

"இரும்மா, நான் இத..."

"ஆறிடும் மாமா. சோத்தக் குழி பண்ணுங்க."

அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்டேன் என்பது இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் தெரிந்துகொண்டார். சோற்றில் மெதுவாகக் குழி பறித்தார்.

"ஊத்தும்மா" என்றார்.

முதல் வாய் உள்ளே போனதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொளவு தூக்கலா இருக்கு" என்றார். நான் மிளகை அன்றைக்குக் குறைவாகத்தான் போட்டிருந்தேன்.

நான் செய்தது சரியா அக்கா? அவர் சுமையை இறக்கி வைக்க வந்தார். நான் இறக்க விடவில்லை. ஆனால் அவர் இறக்கினால் அது இவர் தலையில்தானே ஏறும்? அந்த "ஊத்தும்மா"வே எனக்குப் போதும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் வயலுக்குக் கிளம்பும்போது இவர் கேட்டார். "நேத்து அண்ணன் என்னமோ சொல்ல வந்தாரே, ஏன் குறுக்க பூந்த?"

"ரசம் ஆறிடுமேன்னுதாங்க."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தச் 'சரி'யை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவருக்கும் முன்பே தெரியுமோ?

இதை எழுதும்போது வாசலில் சத்தம் கேட்கிறது. குறுவைக்கு எந்த நெல் விடுவது என்று அண்ணனும் தம்பியும் ஏறுக்கு மாறாக நின்றுகொண்டிருக்கிறார்கள். "உனக்கு விவசாயம் தெரியுமாடா?" என்கிறார் மாமா. "உங்களுக்குத் தெரிஞ்சுதான் போன போகம் எலி தின்னுச்சோ?" என்கிறார் இவர். நான் போகவில்லை. நேருக்கு நேர் நின்று சத்தம் போடட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. அவர்கள் எவ்வளவு சண்டை போட்டாலும் போடட்டும், சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைப்பேன். மாமாவை ஒரு வேளையும் தனியாகச் சாப்பிட விடமாட்டேன். அவர் என் சமையலைக் குறை சொன்னால், இன்னும் கொஞ்சம் சோறு வைப்பேன்.

உங்களைக் கூடப்பிறந்தவளாகவே நினைத்திருக்கும் ஓர்ப்படி,
செல்வி