இறாவுக்கு எரியும் விளக்கு

காசிமேடு,
12.11.2006

அன்பு மகள் செங்கொடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை கடலரசியும் நல்ல சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மூக்கு ஒழுகாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, படகுகள் பாதி கரையில்தான் நிற்கின்றன, மீன் ஏலம் விட வழியில்லாமல் அப்பா வீட்டுக்குள் என்னிடம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

முதலில் நல்ல செய்தி, கடலரசி கல்யாணம் நிற்கவில்லை. பெரம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை துரைக்கு இறா ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், நானும் கவனமாக அவருக்கென்று வாழைக்காய் பஜ்ஜிதான் போட்டேன், ஆனால் இறா பொரித்த எண்ணெயிலேயே போட்டுவிட்டேன். இறா விற்கிற வீட்டில் எண்ணெயை யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டு கடி கடித்தார், உதடு பஜ்ஜி அளவுக்கு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், ஊசி போட்டதும் சரியானது. அவர் அம்மா சொக்கம்மாள் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்துவிட்டார், கடலரசி சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிட்டாள். போன வாரம் துரையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "பொண்ணு மேல இன்னாம்மா தப்பு கீது? எண்ணெ பண்ண வேலைக்கு அது இன்னா பண்ணும்?" என்று எங்கள் எதிரிலேயே கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. சம்பந்தி அம்மா நிபந்தனை ஒன்றுதான், தன் மகன் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டானாம். தலையாட்டிவிட்டேன், மனசுதான் ஆறவில்லை. மாப்பிள்ளைக்கு இலை போட முடியாத மாமியார் என்ன மாமியார்?

உன் வேலை இத்தனை நாள் எனக்குப் புரிந்ததில்லை, போன கடிதத்தைக் கடலரசி இரண்டு தரம் படித்துக் காட்டியதும்தான் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத டி.என்.ஏ. இழையை நீயே திட்டம் போட்டுக் கட்டுகிறாய், நீ குறித்த புரதம் வந்து ஒட்டினால் அது மடங்கி ஒளி விடும், இழையின் எழுத்து வரிசையை மாற்றினால் வேறு புரதத்தைப் பிடிக்கும். அப்பா இதைத் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். துரைக்கு நடந்ததைக் கேட்டு இறாவின் புரதத்துக்கு மாற்றிப் பார்த்தாயாம், இறாவுக்கு எரிகிறதாம், நண்டுக்கும் எரிந்து தொலைக்கிறது, தோற்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அடி பைத்தியக்காரி, இறாவுக்கும் நண்டுக்கும் அந்தப் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டையும் தொடாதே என்று டாக்டரே துரையிடம் சொல்லியிருக்கிறார். உன் சார் என்ன சொல்வாரோ தெரியாது, நம் வீட்டுக்கு நண்டுக்கும் எரிகிற விளக்குதான் வேண்டும். மீனுக்கும் எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிடு, அதையும் விட்டால் சமைக்க எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நம் கடல் காத்த உன்னை அந்த ஊரும் காக்கட்டும். தைக்கு இப்போதே லீவு சொல்லிவை, அந்த இழை கலந்த தண்ணீரில் ஒரு சொட்டாவது கொண்டுவரப் பார். புதுச் சட்டி, புது எண்ணெய் வாங்கித் தனியாக வைத்திருக்கிறேன். சம்பந்தி அம்மா பார்க்க என் சமையலில் அதை விட்டுக் காட்டு. விளக்கு எரியக் கூடாது என்று நான் சாமியிடம் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
பூவம்மா