உங்கள் மாதுளையும் என் முருங்கையும்

அக்கா,

காலையிலிருந்து அடுப்படியில் மாதுளைத் தோல் கொதிக்கும் வாடை. உங்கள் மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. உலர்த்தி வைத்திருந்த தோலை நசுக்கித் தண்ணீரில் போட்டுச் சுண்டவிட்டேன். அந்தத் துவர்ப்பு மூக்கில் ஏறியதும், நீங்கள் கொல்லைப்பக்கம் நிற்பது போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும்.

நான் இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்த வருடம், மூத்தவரான உங்களுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அந்த மழைக்காலத்தில் கர்நாடக எல்லைப்பக்கத்து உங்கள் தாய்வீட்டிலிருந்து ஒரு மாதுளைக் கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இங்கே மாரண்டஹள்ளி வரைக்கும் வந்தீர்கள். அதே வாரம் என் அப்பா பென்னாகரத்திலிருந்து நடுவதற்கென்று வெட்டிய ஒரு முருங்கைப் போத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் துவைகல்லுக்குப் பக்கத்தில் குழி எடுத்து, மண்ணைச் சலித்து, சாணம் கலந்து நட்டீர்கள். நான் வேலியோரம் ஒரு குழியைத் தோண்டிப் போத்தைச் செருகி, உச்சியில் ஒரு உருண்டைச் சாணியை அப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருடமே என் மரம் கூரைக்கு மேல் போய்விட்டது. உங்களுடையது இடுப்பளவுகூட வரவில்லை.

"கழுதையாட்டம் வளந்துருக்கு பாரு உன் மரம். தண்ணியே ஊத்த மாட்டேங்கற," என்பீர்கள்.

"ஊத்துனா பூவெல்லாம் கொட்டிடுங்க்கா. அத அது பாட்டுக்கு வுட்டாத்தான் காய்க்கும்."

உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆடிக்காற்றில் அதன் பெரிய கிளை முறிந்து வேலியில் விழுந்தபோது, "ஒடியறதுக்குன்னே வளந்த மரம்," என்று சிரித்தீர்கள். கம்பளிப்பூச்சி அப்பிய நாட்களில் கை கால் தடித்துப் போய், அந்தப் பக்கமே வரமாட்டீர்கள். ஆனால் முறிந்த இடத்தில் ஒரே மாதத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்ததை நீங்கள்தான் முதலில் பார்த்துச் சொன்னீர்கள்.

உங்கள் மரத்துக்கு எல்லாமே அளவாக வேண்டும். அடியில் கிளம்பும் பக்கக்கன்றுகளை விடாமல் அறுக்க வேண்டும். பிஞ்சு விட்டதும் பூச்சி துளைக்காமல் ஒவ்வொன்றையும் பழைய சேலைத்துணியில் முடிந்து வைக்க வேண்டும். முதல் காய்ப்பில், காயவிட்டு ஒரே நாளில் நிறையத் தண்ணீர் விட்டதால் பழங்களெல்லாம் வெடித்துப் போயின. அன்று நீங்கள் சோறு தின்னவில்லை. "கொஞ்சமா, ஆனா தெனமும் குடுக்கணும் போல," என்று மறுநாள் சொன்னீர்கள். அதற்குப்பின் அரிசி கழுவிய தண்ணீர்கூட வேறெங்கும் போகவில்லை.

பிறகு மழை பொய்த்தது. கிணற்றில் சேறு மட்டும் மிஞ்சியது. ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடத்தில் கொண்டுவந்தோம். அத்தை வாசலில் நின்று, "மனுசருக்கே குடிக்க இல்ல, இவ மரத்துக்கு ஊத்தறா," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து நீங்கள் மாதுளையைச் சுற்றிப் புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, உங்கள் பங்குத் தண்ணீரில் அதன் அடியிலேயே நின்று குளித்தீர்கள். திரைக்குள்ளிருந்து மரத்தோடு கன்னடத்தில் ஏதோ பேசுவது கேட்கும்.

அந்தப் பஞ்சத்தில் நம்மைக் காப்பாற்றியது வேலியோரத்து மரம்தான். களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரை, சில நாள் பூப்பொரியல், சில நாள் காய்க்குழம்பு. தெருவிலிருந்தும் வந்து ஒடித்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் நீங்கள் தட்டைத் தள்ளிவைத்து, "இந்தக் கீரையப் பாத்தாலே வயித்தப் பொரட்டுது," என்றீர்கள். அத்தை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து உங்கள் தலையில் கை வைத்தார். அந்த வாந்திக்குக் காரணம் கீரை இல்லை.

அந்த முறை கரு தங்கியது. உடம்பில் ரத்தம் போதவில்லை, கீரையும் மாதுளையும் தின்ன வேண்டும் என்று நர்சம்மா சொன்னார். அந்த வருடம் மரத்தில் நின்றது மூன்றே பழம். கீரையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினீர்கள். பழத்தைப் பிளந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, கடைசியில் நீங்கள் தின்றீர்கள். நாங்களும் வாங்கித் தின்றோம்.

பெண் பிறந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் துணியெல்லாம் தீர்ந்துவிட்டது. பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கட்டினார்கள். உங்களைத் தூக்கிக் கிடத்தியபோது முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நான் குழந்தையோடு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகன் அப்போது தவழ ஆரம்பித்திருந்தான்.

"உம் புள்ளைக்குப் பால் பத்துதா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது.

"ரெண்டுக்கும் பத்துங்க்கா," என்றேன்.

சரி என்பது போல் தலையை அசைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பாலக்கோடு போய்ச் சேராமலே பாதி வழியில் வண்டி திரும்பி வந்துவிட்டது.

பத்தவில்லை, அக்கா. என் மகனுக்கே பாதி வயிறுதான் நிறைந்துகொண்டிருந்தது. இரண்டும் மாறி மாறி அழுதன. மூன்றாம் நாள் அத்தை தானே முருங்கைக்கீரையை உருவி, பூண்டு தட்டிப்போட்டு வதக்கி என் முன்னால் வைத்தார். "தின்னு. பால் ஊறும். அழுதுகிட்டாச்சும் தின்னு," என்றார். காலையிலும் மாலையிலும் அதையேதான் தின்றேன். உங்களுக்குக் குமட்டியது போலவே எனக்கும் குமட்டியது. மாதக்கணக்கில் அந்த மரத்தை நாங்கள் மொட்டையாக்கினோம். அது மறுபடி மறுபடி துளிர்த்தது. மெல்ல மெல்ல இரண்டு பிள்ளைகளும் வயிறு நிறைந்து தூங்க ஆரம்பித்தன.

மாதுளை பிழைத்துத்தான் கிடக்கிறது. அத்தை இருந்தவரை தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போது யாராவது பார்த்தால் கோபித்துக்கொள்வார். இப்போது எனக்கு நேரம் கிடைக்கும்போது ஊற்றுகிறேன். அதனால் மழை வந்தால் பாதிப் பழம் வெடித்துவிடுகிறது. உங்கள் அளவு எனக்குக் கைவரவில்லை.

உங்கள் மகள் நாலாம் வகுப்புக்குப் போகிறாள். என்னை அம்மா என்கிறாள். உங்களையும் அம்மா என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டில் என் மகனோடு சண்டை போடுவாள். அவனுக்கு அதிகம் வைத்தேன் என்பாள், அவன் இவளுக்கு என்பான். சட்டியில் அடி தெரியும் நாட்களும் உண்டு. அப்போது என் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்கள் இருவருக்கும் போடுவேன். பத்தாது என்ற சொல்லை மட்டும் அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் சொன்னதே இல்லை.