லோகு பெயர் இல்லாத நூற்றாண்டு மலர்

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயர் ஜெயராஜ் கூப்பிட்டார். எங்கள் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு இந்த வருஷம் நூறு. மலருக்கு ஆலய வரலாற்றை நான் எழுத வேண்டுமாம், தமிழ் டீச்சர் என்பதால். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 12

பழைய கதையைக் கண்ணால் பார்த்தவர் என்று காலனியில் மிஞ்சியிருப்பது சின்னப்பொண்ணு பெரியம்மா மட்டும்தான். போய் உட்கார்ந்தேன்.

அப்போது கூரைக் கோயில். எல்லாருக்கும் ஒரே நிலக்காரரிடம் கூலி வேலை. ஒரு அறுவடையின்போது, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டோம், கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் அவருடைய ஆட்கள் கூரைக்குத் தீ வைத்தார்கள். உள்ளே பெரியம்மாவின் அண்ணன் லோகு படுத்திருந்தான். பன்னிரண்டு வயது.

அழாமல்தான் சொன்னாள். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் பேர எழுதும்மா. கல்லறைல கூட அவன் பேரு இல்ல."

ஆகஸ்ட் 3

எழுதிக் கொடுத்துவிட்டேன். லோகு பெயரோடு.

ஆகஸ்ட் 9

ஆயர் வீட்டுக்கே வந்தார். அந்தப் பத்தி வேண்டாமாம். விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வெங்கடேசன் — அந்த நிலக்காரரின் பேரன். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். சபையில் பாதிப் பேருக்கு அவர் மூலமாகத்தான் வேலை. என் வீட்டுக்காரருக்கும்.

மன்னிப்பதுதானே நம் விசுவாசம் என்றார் ஆயர். மன்னிப்புக் கேட்டது யார்? மாற்றமாட்டேன் என்றேன்.

ஆயர் போனதும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "நீ பாட்டுக்கு எழுதிட்டுப் பூடுவ. நாளைக்கு என்ன கம்பெனி கேட்டுக்குள்ள வுடலன்னா இன்னா பண்றது?"



செப்டம்பர் 28, ஞாயிறு

விழா. மலரைப் பந்தலில்தான் பார்த்தேன். 'எதிர்பாராத தீ விபத்தில் பழைய கூரை எரிந்துபோனதால்...' லோகு இல்லை. கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது, கொட்டை எழுத்தில்.

மூத்த உறுப்பினர் என்று பெரியம்மாவை மேடைக்கு அழைத்து, வெங்கடேசன் கையால் சால்வை போடவைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்?

செப்டம்பர் 29

பெரியம்மா மலரோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எங்கண்ணன் இதுல எங்க கீறான், படிச்சிக் காட்டு."

படித்தேன். அச்சில் இருந்ததை அல்ல, நான் எழுதியதை. லோகு என்றதும் நிறுத்தச் சொன்னாள். அந்தப் பேர் எது என்று கேட்டாள். ஏதோ ஒரு வார்த்தையின் மேல் விரல் வைத்தேன். அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு முத்தம் கொடுத்தாள்.

பாவி. வேறென்ன சொல்வது என்னை.

அக்டோபர் 5

அந்தப் பக்கத்தை விரித்து வீடு வீடாகக் காட்டுகிறாளாம். பார்த்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வீட்டிலும் கம்பெனி வேலை.

அக்டோபர் 19

சென்னையிலிருந்து பெரியம்மாவின் மகள் ஹெலன் வந்திருக்கிறாள். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

ஹெலன் படித்துக் காட்டிவிட்டாள். இன்று ஆராதனைக்கு முன் பெரியம்மா நேராக என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவங்க மறைச்சாங்க, செரி. நீ எதுக்கும்மா வெரல வச்சிக் காட்டுன?"

பதிலுக்கு நிற்கவில்லை. கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.