ரேடியோக் குழுவுக்கு வேறு வழி

மூன்று நாளாகக் கணவன் வைரவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலை ரயிலில் றொசல்லை ஊருக்குப் புறப்படுமுன் கௌசி, அவன் கம்ப்யூட்டர் திரையில் ஒரு சீட்டை ஒட்டினாள்.

"ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுங்க.

இன்டர்நெட் கம்பெனி, உலகம் பூரா ஆளுங்க எழுதிப் பேசிக்கிற உங்க ரேடியோ ரிப்பேர் நியூஸ் குரூப்பை நிப்பாட்டினப்போ, 'விட்டுச்சு தொல்லை'ன்னு நான் சொன்னது தப்புத்தான். அதுக்காக இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கணுமா? காசில்லாமச் சேர விடுற வேற சர்வர் ஒன்னு தேடிப் புடிச்சு, உங்க பேரைப் பதிஞ்சிட்டேன். பாஸ்வேர்ட் கீபோர்டுக்குக் கீழ இருக்கு. அதே ஆளுங்க, பழைய பேச்சு எல்லாம் அங்கேயும் இருக்கு. - கௌசி"

எழுதி முடித்தும் மனம் கேட்கவில்லை. அடியில் நெருக்கி எழுதினாள்.

"வேலை செய்யுதான்னு பார்க்க உங்க பேரைப் போட்டுத் தேடினேன். எட்டு வருஷத்துக்கு முந்தி, 'பொஞ்சாதி மூணு நாளாப் பேசல, என்ன செய்யலாம்'னு ரேடியோக்காரங்ககிட்ட கேட்டிருக்கீங்க. பின்லாந்துக்காரர் ஒருத்தர், தேத்தண்ணி ஊத்திக் குடுங்கன்னு சொல்லியிருக்காரு. தேயிலை மலையில இருந்துக்கிட்டு இதைப் பின்லாந்துலயா கேக்கணும்?

பிளாஸ்க்குல தேத்தண்ணி இருக்கு. நான் யாரையும் கேக்காமத்தான் ஊத்தினேன்."